ஒன்றும் தெரியாத கை

நேற்று பெய்த மழையில் கடலூர் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு மண்புழு வந்து கிடந்தது. வளைக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் அதுவும் என்னதான் செய்யும்? தோலால் மூச்சு விடுகிற உயிர், வெயில் ஏறினால் காய்ந்துவிடுமே என்று எடுத்து வாழைக்கடியில் விட்டேன். கையில் அந்த ஈர மண் வாடை நின்றது. உன் நினைப்பு வந்துவிட்டது.

அறுபதுகளில் நாம் சிதம்பரத்தில் விலங்கியல் படித்த நாட்கள். கிள்ளைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தவள் நீ. முதன்முதலாக மண்புழுவைப் பார்த்து, "எங்க ஊரு உப்பு மண்ணுல இது கிடையாதுடி" என்றாய். ஒரே புழுவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும் என்று வகுப்பில் சொன்னதும் என் காதருகே வந்து, "மாமியார் வீட்டுக்குப் போவுற வேலையே இல்ல பாரு. குடுத்து வச்சது" என்றாய். நான் சிரித்து மாட்டிக்கொண்டேன். நீ மட்டும் ஒன்றும் அறியாதவள் போலக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய், திருடி.

அது வெறும் கேலி இல்லை. செய்முறைத் தேர்வில் தவறினால் படிப்பை நிறுத்தி மாமா பையனுக்குக் கட்டி வைத்துவிடுவதாக உங்கள் வீட்டில் பேச்சு. தேர்வில் மண்புழுவை அறுத்து நரம்பு வடத்தைக் காட்ட வேண்டும். வெள்ளை நூல் போல அது வயிற்றுப் பக்கம் ஓடும். அதனால் முதுகில்தான், நடுவே கருங்கோடாகத் தெரியும் ரத்தக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி வெட்ட வேண்டும். நீயோ சின்னதிலிருந்தே மீன் ஆய்ந்து பழகியவள். மீனுக்கு வயிற்றில்தான் கத்தி. கத்தரியை எடுத்தால் உன் கை தானாகப் புழுவைப் புரட்டி வயிற்றைக் கிழித்துவிடும், நரம்பு துண்டாகிவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதை. "சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், இந்தக் கை கேக்க மாட்டேங்குதுடி" என்று புழுவை அறுக்கும் மெழுகுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாய். நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

தேர்வன்று எனக்கு எதிர் மேசை. நீ கத்தரியை இடது கைக்கு மாற்றியதைப் பார்த்ததும் என் புழுவை மறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, கோணல்மாணலாக, முதுகில் வெட்டிக்கொண்டு போனாய். குடலை விலக்கியபோது அடியில் அந்த வெள்ளை நூல் அறுபடாமல் கிடந்தது.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "வலது கைக்கு மீன் மட்டுந்தான்டி தெரியும். இதுக்கு ஒண்ணுமே தெரியாது, அதான் சொன்னா கேட்டுக்குது."

தேறினாய், டீச்சரானாய். எந்த ஊருக்கு மாற்றலானாலும் எனக்குக் கடிதம் போடுவதை நீ விடவில்லை. நானும் விடவில்லை.

நீ போன பிறகு இதை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் கை பழக்கத்தில் "நலம், நீ நலமா?" என்று எழுதிவிடுகிறது. நீ இல்லை என்று எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறது. தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் இடது கையால் எழுதுகிறேனடி. எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. இதற்கு ஒன்றும் தெரியாது. நீ போய்விட்டாய் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டது.