நீங்கள் அழுத்திய 'அப்புறம்'

அக்கா,

இன்று காலை சங்க ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த நீலக் கட்டம் வந்து நின்றது. உள்ளே ஓடுகிற சாப்ட்வேர் பழசாகிவிட்டது, இனிமேல் இதற்குப் பாதுகாப்பு வராது, புதுசுக்கு மாறுங்கள் என்று இரண்டு வரி. கீழே இரண்டு பொத்தான். 'இப்போதே' என்று ஒன்று, 'அப்புறம்' என்று ஒன்று. என் விரல் போவதற்கு முன்னால் உங்கள் விரல்தான் எனக்குத் தெரிந்தது. சிவப்புக்கல் மோதிரம் போட்ட விரல். அது ஒரு தடவையாவது 'இப்போதே' பக்கம் போனதா? மூணு வருஷம் நாள் தவறாமல் 'அப்புறம்' என்று அழுத்திவிட்டு, ஏதோ கொசுவை அடித்த மாதிரி கையைத் தட்டிக்கொள்வீர்கள்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. நீங்கள் எங்கள் வீட்டு மூத்த மருமகள், நான் இளையவள். இருபத்தெட்டு வருஷம் ஒரே கொல்லையில் புழங்கினோம். அதில் நாம் சிரித்துப் பேசிய நாளை எண்ண ஒரு கை விரல் போதும்.

நம் மாமனார் அந்த டிரஸ்டு நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். பிறகு அதே நிலத்துக்குக் குத்தகைக்காரர் ஆனார். அவரோடு சேர்த்துப் பதினோரு குடும்பம். மேடை போட்டு நிலம் உழுபவனுக்கே என்று பேசினார்கள், சட்டம் வந்தது என்றார்கள், ஆட்சி இந்தக் கை அந்தக் கை என்று மாறியது. சுவரில் இருந்த படம் மாறியதே தவிர அடங்கலில் நம் பெயர் ஏறவில்லை. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று சர்க்கார் எழுதுகிற அந்தப் பதிவில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் டிரஸ்டு பெயரே இருக்கும். நடுகிறவள் நான், பெயர் அவர்களுக்கு.

பெயர் ஏற்றக் கேட்டு நம் குத்தகைக்காரர் சங்கம் கேசு போட்டது, அதற்கு ஆதாரமாகத் தனியாக ஓர் அடங்கலும் வைத்தது. போகத்துக்குப் போகம் யார் எந்த வயலை நட்டார் என்று எழுதி, பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் படம் பிடித்து, பட்டியலையும் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஏற்றுகிறவர் நீங்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், தமிழ் டைப்ரைட்டிங் லோயர். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தில் நீங்கள் தட்டுகிற வேகத்துக்குப் பெட்டியே ஆடும். நான் அஞ்சாம் வகுப்பு. அதை நான் மறந்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

ஒரத்தநாட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நாகூர் பாயை நான்தான், நீங்கள் போவதற்கு முந்தின வருஷம் சித்திரையில், சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்து ஒரு கைப்பிடி தூசியை எடுத்து வெளியே போட்டார்.

"பெரியம்மா, இது திறக்கவே கால் மணி நேரம் ஆகுது. உள்ள இருக்கிறது ரொம்பப் பழசு. இனிமே ஒரு பென்டிரைவை வெளியில குத்திட்டு இதுல குத்துனீங்கன்னா வைரஸ் அள்ளிட்டுப் போயிடும். முதல்ல எல்லாத்தையும் ஒரு நகல் எடுப்போம். அப்புறம் புதுசு போடுவோம். உங்களுக்கு இப்ப வேலை இல்லாத நாளு, நாலு நாள் விடுங்க" என்றார்.

நீங்கள் சொன்னீர்கள்: "ஓடுற வரைக்கும் ஓடட்டும் பாய்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "அக்கா, மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாலதானே வாய்க்கால் தூர் வாருறோம்? பம்புசெட் இஞ்சினை ஓடிக்கிட்டு இருக்கும்போதா பிரிக்கிறோம்? அறுப்பு முடிஞ்சு, ஆத்துல மணல் தெரியுற இந்த ரெண்டு மாசத்துலதானே எல்லாத்தையும் கழட்டி மாட்டுறோம். இதுக்கும் இதுதான் நேரம். கேசு தேதி வந்த பிறகு கையை வெச்சா, தண்ணி வந்த பிறகு மண்வெட்டி எடுத்துக்கிட்டு எறங்குற பொதுப்பணித்துறை வேலையா போயிடும்" என்றேன்.

கூட்டம் தலையாட்டியது. அதுதான் உங்களுக்குச் சுட்டது.

"ஏண்டி, அஞ்சாங்கிளாசு படிச்சிட்டு கம்ப்யூட்டருக்குத் தூர் வாரச் சொல்றியா? இது என்ன உன் வீட்டுச் சாக்கடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேலத்தெரு ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. அது எனக்கு நினைவிருக்கிறது. பாய் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீங்கள் ஏன் மறுத்தீர்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. புதுசு போட்டால் தமிழ் எழுத்தும் புதுசு, விசை இருக்கும் இடமும் வேறே என்று பாய் அன்றே சொல்லியிருந்தார். டைப்ரைட்டிங் லோயர் அங்கே செல்லாது. எல்லாரும் முதலிலிருந்து ஒரு விரலால் தேட வேண்டும். அங்கே உங்கள் விரலும் என் விரலும் ஒன்று. அதுதான் உங்கள் பயம். பதினோரு குடும்பத்து நிலத்தை அந்தப் பயத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுவாரம் நீங்கள் திருவையாற்றுக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று பாயைக் கூப்பிட்டு உள்ளே இருந்ததை எல்லாம் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன். விதை உளுந்து டப்பாவில், வேப்பிலைக்கு அடியில் போட்டு வைத்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, குழாயடியில் இத்தனை பேர் குடத்தோடு நிற்கும்போது கத்தினீர்கள். "சங்கச் சொத்தைத் திருடினவ." பேத்தி எடுத்தவள் நான். என் பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்தச் சொல்லை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. நானும் அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் படி ஏறவில்லை.

அந்த வைகாசியில் ராசாத்தியின் புருஷன் போய்ச் சேர்ந்தான். பதினோரு வயலில் ஒன்று அவனுடையது. அதற்குப் பிறகு குறுவையும் சம்பாவும் அவளே நட்டாள். சங்க அடங்கலில் அவள் பெயரை நீங்கள் ஏற்றினீர்கள். கார்த்திகையில் புயல். ஆபீஸ் கூரை பறந்து, கையெழுத்துப் போட்ட தாள் அத்தனையும் கஞ்சியாகிவிட்டது. அன்றைக்கு நீங்கள் அந்தப் பெட்டியைப் புடவைத் தலைப்பால் மூடி, இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை அடுத்த கோடையில் ஒரு நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லையே! மறுபடியும் நீலக் கட்டம், மறுபடியும் 'அப்புறம்'.

ஆனியில் தண்ணீர் வந்தது. நடவு ஆரம்பித்தது. தஞ்சாவூர் வருவாய் கோர்ட்டில் இருந்து இருபது நாளில் ஆதாரத்தோடு வரச் சொல்லித் தாக்கீதும் வந்தது. அதில் பத்து நாள் போன பிறகு நீங்கள் வக்கீல் ஆபீஸ் பென்டிரைவைக் கொண்டுவந்து குத்தினீர்கள். பாய் சொன்னது அப்படியே நடந்தது. திரை உறைந்துவிட்டது.

அப்போதாவது பாயிடம் போயிருக்கலாம். நான் கூட்டி வந்த ஆள் என்பதால் போகவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் ஏதோ ஒரு கடைக்குப் போய், "சீக்கிரம் புதுசு போட்டுக் குடுங்க" என்றீர்களாம். உள்ளே இருப்பதில் ஏதாவது எடுத்து வைக்கணுமா என்று அவன் கேட்டானாம். "எல்லாம் திரையிலேயே இருக்கு, திறந்தா தெரியும்" என்றீர்களாம். திரையில் தெரிவதெல்லாம் புதுசு போட்டாலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். அதைத்தான் அவன் முதலில் துடைத்தான். மூணு வருஷம் நகர மாட்டேன் என்றவர், நகரக் கூடாத வாரத்தில் நகர்ந்தீர்கள். சாயங்காலம் பெட்டி பளிச்சென்று வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சேதி எனக்கு அப்போதே வந்துவிட்டது. டப்பா என் சமையலறைப் பரணில் இருந்தது.

இனி எழுதுவது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. நீங்கள் வந்து கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் நான் நடவில் குனிந்திருந்தபோது வரப்பில் உங்கள் நிழல் வந்து நின்றது, போய்விட்டது. மூன்றாம் நாள் வந்தீர்கள்.

"அந்த டப்பா இருக்கா?"

"எந்த டப்பாக்கா?"

"தெரியாத மாதிரி பேசாதே."

"திருடி வீட்டுல உங்களுக்கு என்னக்கா வேலை?"

"இப்ப என்ன, உன் கால்ல விழணுமா?"

"விழுங்க" என்றேன். 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொன்னேன்.

சேற்றில் இறங்கினீர்கள். குனியத் தொடங்கினீர்கள். நான் கையில் இருந்த நாற்று முடியை வீசிவிட்டு டப்பாவை எடுக்க வீட்டுக்கு நடந்தேன். நீங்கள் என் காலைத் தொட்டிருந்தால் நாம் இரண்டு பேருமே அன்றைக்கே செத்திருப்போம்.

பாய் கடையில் திறந்தால் ஒரே கிறுக்கல். உங்கள் பழைய எழுத்து, பாய் 'பாண்ட்' என்கிறாரே அது, புதுப் பெட்டியில் இல்லை. பாய் அன்றே பஸ் பிடித்து நாகூர் போய், அவர் அண்ணன் அச்சுக்கடையில் மூலையில் கிடந்த பழைய மிஷினில் இருந்து அந்த எழுத்தை எடுத்து வந்தார். அதற்கு இரண்டு நாள். எழுத்து ஏறியதும் வரிவரியாக நம் மாமனார் பெயர், மற்றவர்கள் பெயர் எல்லாம் எழுந்து வந்தது. நீங்கள் முகத்தை மூடிக்கொண்டீர்கள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நகலில் இல்லாதது கடைசி இரண்டு போகம். நீங்கள் வயல் வயலாக ஒப்பித்தீர்கள். யார் நட்டது, என்ன ரகம், யார் சாட்சி. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் நோட்டில் எழுதினேன். என் எழுத்தைப் பார்த்து, "சுத்தமாத்தான் எழுதுற" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அதுதான்.

மறுபடி சாட்சிக் கையெழுத்து வாங்க ஓடினோம். மற்றவர்களுக்குப் பழைய வருஷத்து ஆதாரமே போதுமாக இருந்தது. ராசாத்தி வயலில் பழைய வருஷமெல்லாம் புருஷன் பெயர்; அவள் பெயர் இருந்தது அந்த இரண்டு போகத்தில் மட்டும். அவளுடைய சாட்சி இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது கோர்ட்டில் தாக்கல் செய்கிற நாள் முடிந்திருந்தது. பத்துக் குடும்பத்துக்குப் பெயர் ஏறியது. ராசாத்திக்கு இல்லை.

"ஒரு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா அந்தம்மாவுதும் நின்னிருக்கும்" என்றார் வக்கீல். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு நொடி. பிறகு வக்கீலிடம், "எல்லாம் என்னாலதான் சார்" என்றீர்கள்.

ஊர் அதையே நம்பியது. ராசாத்தி உங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றைக்கும் நீங்கள் மூணு நாளைப் பற்றி மூச்சு விடவில்லை. மார்கழியில் நெஞ்சு வலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். உங்களை வண்டியில் திருப்பிக் கொண்டுவந்த அன்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை அக்கா. குழாயடியில் அத்தனை பேர் முன்னால் திருடி என்று கத்தத் தெரிந்த உங்களுக்கு, அன்றைக்கு மட்டும் வாய் எங்கே போயிற்று? என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாகியிருக்கும், நான் உங்களை நிம்மதியாகத் திட்டிக்கொண்டு காலம் தள்ளியிருப்பேன். போகிறபோதும் ஒரு படி மேலே போய் நின்றுகொண்டீர்கள்.

சங்கத்துப் பெட்டி இப்போது என் கையில் இருக்கிறது. ஒரு விரலால் தட்டுகிறேன். ஒவ்வொரு சித்திரையிலும் நகல் எடுத்து உளுந்து டப்பாவில் போடுகிறேன். இன்று அந்தக் கட்டம் வந்ததும் வெளியே வந்து பார்த்தேன். ஆற்றில் மணல்தான். தண்ணீருக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, கேசு எதுவும் இல்லை. பாய்க்குப் போன் போட்டேன். வந்தார். நகல் எடுத்து, அதை வேறு பெட்டியில் திறந்து பார்த்த பிறகுதான் கை வைக்க விட்டேன்.

"அந்தப் பழைய எழுத்து இனிமே எதுக்கும்மா? எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தித்தான் வெச்சிருக்கே" என்றார் பாய்.

"இருக்கட்டும், போடுங்க" என்றேன்.

'இப்போதே' என்பதை நான்தான் அழுத்தினேன். ஒன்றரை மணி நேரம் ஆகும், யாரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு எதிரில் உட்கார்ந்து இதை நோட்டில் எழுதுகிறேன்.

ஜன்னலில் இருந்து பார்த்தால் ராசாத்தி நட்ட வயல் தெரிகிறது. டிரஸ்டு ஆள் முள்வேலி போட்டு மீன் குளம் வெட்டிவிட்டான். அவள் அதே வேலியைத் தாண்டி அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறாள். வழியில் என்னைப் பார்த்தால், "உங்க ஓரகத்தி என் வயித்துல அடிச்சிட்டுப் போயிட்டா சின்னம்மா" என்பாள். நானும் உச்சுக் கொட்டுவேன். இத்தனை வருஷமாக உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்காக இல்லை. உங்களோடு எனக்கு இன்னும் ஆகாது. மேலத்தெரு பக்கத்தில்தான், போய்வர ஒன்றரை மணி நேரம் தாராளம். இந்நேரம் கூலி முடிந்து வந்திருப்பாள். நோட்டை மூடிவிட்டுக் கிளம்புகிறேன், அந்த மூணு நாளை அவளிடம் சொல்ல.