சிவப்புப் பெயிண்ட் அடித்த வரிசைகள்

அக்கா,

போன வாரம் கலும்பாங் தோட்டத்தில் தேக்கை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும்போதே பச்சைத் தேக்கின் வாடை, புதுச் செருப்பில் எண்ணெய் கொட்டியது போல, மூக்கில் ஏறியது. லோரிகள் வரிசையாக நின்றன. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் மேட்டுப் பக்கம் ஏறிப் போனேன். நாம் சிவப்புப் பெயிண்ட் அடித்த அந்த இரண்டு வரிசைகளின் அடிக்கட்டைகளைப் பார்த்தேன். பக்கத்து வரிசைகளுக்குக் கொஞ்சமும் சளைக்காத பருமன். உங்கள் ஞாபகம் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ரப்பரை அழித்துத் தேக்கு நட்டபோது, நீங்கள் ஆறு பெண்கள் உரம் போடும் குழு. நான் கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுபவன். மரத்தின் சுற்றளவை அளந்து எழுதுவது என் வேலை. இந்த மண்ணுக்கு உரம் தேவையா, இல்லையா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அதற்காகத்தான் இரண்டு வரிசைக்கு மட்டும் உரமே போடக்கூடாது என்று சிவப்பு அடித்தோம். போட்ட மரத்தையும் போடாத மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே சொல்லியிருக்கிறார்கள், போடாதீர்கள், அவ்வளவுதான் என்றேன். கிராணி என்கிற மப்பு.

ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் மேட்டுக்கு வந்தபோது, நீங்கள் பால் டின்னில் உரத்தை அள்ளிச் சிவப்பு மரத்தின் அடியில் தூவிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டும் ஒளிக்கவில்லை.

"பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் ஊட்டிட்டு இதுங்கள மட்டும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களே தம்பி. மனசு கேக்கல" என்றீர்கள்.

சிரித்துவிட்டு, இனிமேல் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏதோ ஒரு தடவை என்று நினைத்தேன். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஊட்டியிருக்கிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உரம் போடும்போது கூடவே நிற்க வேண்டியவன் நான். பாதி நாள் ராசா டவுன் காப்பிக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மாலையில் வந்து, 'நேரில் இருந்து பார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

மூன்று வருஷம் கழித்து அளந்தால், எல்லா வரிசையும் ஒரே மாதிரி. எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. 'இந்த மண்ணில் உரத்தால் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்குச் சந்தோஷம். இனி உரம் வேண்டாம், உரம் போடும் குழுவும் வேண்டாம் என்று மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டார். ஆறு பேருக்கும் வேலை போயிற்று.

அன்றைக்கே நீங்கள் ஆபீசுக்கு வந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த மலாய் மொழியில், தட்டுத் தடுமாறி, எல்லாவற்றையும் சொன்னீர்கள். சிவப்பு மரத்துக்கும் நான்தான் போட்டேன், தப்பு என்னுடையது, என்னை அனுப்பிவிடுங்கள், மற்ற ஐந்து பேருக்கும் இதில் சம்பந்தமில்லை, உரம் இல்லாவிட்டால் கீழ்ப் பக்கத்தில் புதுசாக நட்ட கன்று தேறாது என்றீர்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, இந்தம்மா சொல்வது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றால், அத்தனை நாள் போட்ட கையெழுத்தும் பொய் என்றாகிவிடும்.

இல்லை, நான் எல்லா நாளும் கூடவே இருந்தேன், வேலை போகிறதே என்று இந்த அக்கா கதை கட்டுகிறார் என்றேன். நீங்கள் என் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

வெளியே வந்ததும் திட்டுவீர்கள் என்று பார்த்தேன். படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அதுவரை ஒரு நாளும் தம்பி என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

"கிராணி ஐயாவுக்கு வேல போயிரும்னு பயம். எங்களுக்கும் அதே பயந்தான்."

அந்த மாதமே லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ரவாங் டவுனுக்குப் போனீர்கள். ஏதோ தொழிற்சாலையில் தரை கூட்டுவதாகக் கேள்விப்பட்டேன். கீழ்ப் பக்கத்தில் நட்ட கன்றுகளுக்கு ஒரு பிடி உரம்கூட விழவில்லை. இரண்டாம் வருஷமே இலை வெளுத்து, அப்படியே நின்றுபோயின.

ஒரே ஒரு தடவை ரவாங் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டீர்கள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், நீங்கள்தான் நிறுத்திப் பேசினீர்கள். குடும்பத்தை விசாரித்துவிட்டு, கீழ்ப் பக்கத்துக் கன்றெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். போன வருஷம் நீங்கள் தவறிவிட்டதாகத் தகவல் வந்தது. வந்தேன் அக்கா. தெருமுனைவரை வந்தேன். உங்கள் குழுவில் இருந்த பெண்கள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டேன்.

நேற்று மறுநடவுக் கூட்டம் வைத்தார்கள். புது மேனேஜர் நம்ம தமிழ்ப் பிள்ளை, சின்ன வயசு. என் பழைய அறிக்கையை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, இந்த மண்ணுக்கு உரம் வேண்டாமாம் என்று எல்லாருக்கும் படித்துக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க எழுதினதுதானே? இது சரிதானே லா?" என்றான். அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. அப்போது மேனேஜராக இருந்தவரும் செத்துப் போய்விட்டார். பறிக்க என்னிடம் வேலையும் இல்லை, இனி என்னைக் கேட்க ஆளும் இல்லை.

சரி என்றுதான் சொன்னேன், அக்கா.