வெட்டப்பட்ட வசனம்

அப்பா,

தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் காதோரத்தில் அரிதார வாசனை போகவில்லை. நாடகம் முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போதும் இதே வாசனைதான். நீங்கள் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

சோமனூரில் விசைத்தறிகள் நின்றுபோயிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். தறித் தொழிலாளிகளுக்காக நீங்கள் எழுதிய நாடகத்தைப் போலீஸ் அனுமதிக்குக் கொடுத்தீர்கள். ஒரே ஒரு வசனத்தை அடித்துத் திருப்பித் தந்தார்கள். "வேலைக்கு வாங்க, இல்லாட்டி ஊரை விட்டுப் போங்க" என்று முதலாளி மிரட்டும்போது தறியோட்டும் பெண் சொல்லும் பதில் அது: "பயமா இருக்குதுங்க. ஆனா போக மாட்டோமுங்க."

நீங்கள் வேறு வசனம் எழுதவில்லை. அந்த இடத்தில் அவளைப் பேசாமல் நிற்க வைத்தீர்கள். தறிக்கூடத்தில் ஒத்திகை பார்த்திருந்த சனங்களுக்கு வசனம் தெரியும். மைதானமே அதைச் சொன்னது. அம்மா மடியில் இருந்த நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"என் நாடகத்துல பாதி இன்ஸ்பெக்டர் எழுதுனது" என்று சிரித்தீர்கள்.

"அப்ப போஸ்டர்ல அவரு பேரையும் போடுங்க" என்றாள் அம்மா.

அதன் பிறகு யாரும் எதையும் வெட்டாத நாடகங்களிலும் நீங்களே மௌனங்களை எழுதினீர்கள். பெரிய நாடகாசிரியர் என்று உங்களைச் சொல்கிறவர்கள் அந்த மௌனங்களைத்தான் புகழ்கிறார்கள். அவை எங்கே பிறந்தன என்று யாரும் எழுதவில்லை.

நேற்று பள்ளி ஆண்டு விழாவில் அந்தக் காட்சியில் தறியோட்டும் பெண்ணாக நான் நடித்தேன். "அந்த வரி மட்டும் வேண்டாம் கண்ணு. மில் ஓனருங்க எல்லாம் வராங்க, எதுக்கு வம்பு?" என்று டீச்சர் சொல்லியிருந்தார். போலீசும் இல்லை, தடையும் இல்லை. எதுக்கு வம்பு, அவ்வளவுதான்.

உங்களைப் போலவே செய்ய நினைத்துப் பேசாமல் நின்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை அப்பா. "ஏய், மறந்துட்டயா?" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து என் தோழி. முன்வரிசையில் இருந்தவர்கள் பாவப்பட்டுக் கைதட்டினார்கள். வசனம் தெரிந்தவர்கள் எதிரே இருந்தால்தான் உங்கள் மௌனம் பேசும். அந்த அரங்கத்தில் அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. நடிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

நாளை அம்மாவோடு பள்ளிக்கு வந்து மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டுமாம். "வாரேன், என்ன பண்றாங்கன்னு பாத்துப்போடலாம் கண்ணு" என்று அம்மா சேலைக்கு இஸ்திரி போடுகிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்த வசனத்தில் பயத்தை ஏன் முதலில் வைத்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

எழுதித் தர மாட்டேன் அப்பா.