கம்பளி போர்த்த மரம்

அண்ணை,

பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுவதும் திரண்டு வந்து கேட்டாலும் ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று இந்த இலையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். இன்று காலை லா கூர்னெவ் தோட்டத்தில் பறித்த இலை. கசக்கினால் கறுவா வாசம். உங்கள் மரத்தின் வாசம்.

ஒபர்வில்லியே கிடங்கில் உங்களோடு வேலை செய்த சிலி நாட்டுக்காரர் தந்த தென்பீச் என்ற மரக்கன்று அது. உலகத்தின் தென்கோடிக் குளிரில் வளர்கிற மரம். "கண்டங்கள் பிரிய முந்தியே இருந்த சாதியடா. அவ்வளவையும் தாண்டி வந்தது என்ரை கையால சாகக்கூடாது" என்றீர்கள். அன்றோடு உங்கள் நித்திரை போயிற்று.

குளிர்காலம் வந்தது. நம்மவர் கறிவேப்பிலைக்குச் செய்வதையே அதற்கும் செய்தீர்கள். வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில், கம்பளி போர்த்தி! பென்குயின்களுக்கு நிழல் கொடுத்த பரம்பரை வியர்த்து விறுவிறுத்தது. நுனி கருகக் கருக நீங்கள் இன்னொரு கம்பளி தேடினீர்கள். நான் கண்ணூறு கழியச் சாம்பிராணி பிடித்தேன்.

அண்ணிதான் பொறுமை இழந்தார். "உடுப்புக் காயப்போட இடமில்லை. மரத்துக்குக் கம்பளி, எனக்கு ஒரு சால்வையும் இல்லை!" தொட்டியைப் பல்கனியில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்கென்று பனி கொட்டியது. "கொலைகாரி!" என்று நீங்கள் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டீர்கள்.

வசந்தத்தில் கதவைத் திறந்தால், கொப்பெல்லாம் சுருக்கம் சுருக்கமாகக் குட்டி இலைகள்.

"இப்ப ஆரப்பா கொலைகாரர்?" என்றார் அண்ணி.

"ஓம், நான்தான்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் கார் து நோர் ரயில் நிலையப் புறாக்கள் பெல்ஜியம்வரை பறந்தன.

நீங்கள் கண்ணை மூடியபிறகு மரத்தைத் தோட்டத்து மண்ணில் நட்டோம். பொல்லாத வளர்த்தி. ஆர்.ஈ.ஆர். ரயில் அதன் கொப்புக்குக் கீழே குனிந்துதான் போகிறது. ஈஃபெல் கோபுரம் பொறாமையில் குதிக்காலைத் தூக்கி நிற்கிறது. பென்குயின்கள் ஒபர்வில்லியே கால்வாயில் இறங்கி விலாசம் விசாரிக்கின்றனவாம்.

சரி, சரி. மரம் என் தோளுயரம்தான். ரயில் பொய், கோபுரம் பொய், பென்குயினும் பொய். கம்பளி மட்டும் உண்மை. போன குளிருக்கு அண்ணி, நீங்கள் போர்த்திய அதையே எடுத்துவந்து அடிமரத்தில் சுற்றிவிட்டார்.

"அதுக்குக் குளிராது அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்று சிரித்தார். "மரத்துக்கில்லை."