சங்குக்கு இடமில்லை

அக். 14, செவ்வாய்

நெல்லிவாசல்நாடு. காலையிலிருந்து மப்பு. மலைச்சரிவில் வைத்த மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டியைச் சோதித்தேன். மழைமானி சரி. வெளியிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் சங்கு ஊதவில்லை. பெட்டி செய்யும்போதே நான் சொன்ன கோளாறுதான். பெட்டியின் நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி, ஆனால் எல்லாம் துண்டு துண்டாகச் சிதறல். சங்கொலிப் பதிவை ஏற்ற ஒரே நீளமாக இடம் வேண்டும். அது இல்லை. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட்டினால் வேறென்ன ஆகும்?

சென்னைக்கு ஃபோன். பிரபா. என்னிடம் வேலை கற்றவன், இன்று மேலாளர்.

"பாதி காலின்னு ஸ்கிரீன்லயே காட்டுதே சார்?"

மரியாதையில் மிச்சம் அந்த 'சார்' மட்டும். பெட்டிச் சாவி, கடவுச்சொல் எல்லாம் அவனிடம். ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். அதற்கும் அனுமதியாம்.

அக். 15, புதன்

சட்டை காயவில்லை. டார்ச் செல், மிளகு வாங்க மறந்தேன்.

திருப்பத்தூரிலிருந்து திரும்பும் பஸ். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு சின்னப்பொண்ணு; சரிவுக்கு நேர்கீழ் வீடு. அவள் படுக்க முழு சீட் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு இடம் காலி.

"இவ்ளோ எடம் காலியாத்தான கீது, இன்னும் இன்னாம்மா வேணும்?" கண்டக்டர்.

"அதுக்கு? புள்ள பெத்தவள பிச்சி பிச்சியா படுக்க வெக்கிறது?" அவள் மாமியார்.

எல்லார் காலடியிலும் மூட்டை. யாரும் நகரவில்லை. நான் எழுந்தேன். ஒருவன் எழுந்து என்ன ஆகும்? உட்கார்ந்தபடியே வந்தாள்.

பஸ் நின்றதுமே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வைப்போமே, சங்குக்கும் அதைத்தான் கேட்டேன்: பெட்டி ஓடத் தொடங்கும்போதே இடம் பிடித்து வை. பழைய காலத்து ஆள் என்று அலுவலகக் கூட்டத்தில் சிரித்தார்கள். பிரபாவும்.

அக். 16, வியாழன்

விடியலிலிருந்து மழை.

"திங்கக்கிழமை பாக்கலாம் சார்." ஃபோனில் பிரபா.

பெட்டிப் பூட்டை உடைத்து அணைத்துப் போடக் கல்லோடு கிளம்பினேன். ஓடை பாதையை மூடிவிட்டது. திரும்பினேன்.

மாலை. சின்னப்பொண்ணு வீடு. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றேன்.

"பச்ச புள்ளைய தூக்கினு இந்த மழைல எங்க சார் போறது? அதான் மேல மெஷின் வெச்சிக்கீறீங்களே. ஊதட்டும், வந்துர்றோம்." மாமியார்.

"அது ஊதாதும்மா."

"இன்னா சார், நீங்க வெச்சத நீங்களே கொற சொல்றீங்க?"

சிரித்தாள். சாமைக் கஞ்சி குடிக்கச் சொன்னாள். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபோனில் மழைமானி சிவப்பு. மேலே சத்தமே இல்லை. மறுபடி கதவைத் தட்டினேன்.

"இன்னும் ஊதலையே சார்."