கொல்லையில் கழற்றும் காக்கி

என்னங்க,

பாடாலூர்க்காரன் ஒருவனை இன்று ஸ்டேஷனில் லத்தி முறியும்வரை அடித்தேன். மனைவியின் கையை உடைத்துவிட்டு, "இது வூட்டு விஷயம் ஏட்டம்மா, நீங்க தலையிடாதீங்க" என்றான். நேற்று நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதும் அதுதான். அவன் அலறியது என் காதில் விழவே இல்லை. எஸ்.ஐ. வந்துதான் என்னை இழுத்தார்.

என் சட்டை முதுகில் ரத்தம் கசிந்திருந்ததை அவன் மனைவிதான் பார்த்தாள். "உங்கள யாரும்மா அடிச்சது?" என்றாள்.

காக்கியோடு வாசலை மிதிக்கக் கூடாதென்று நீங்கள் சொன்னதால், பத்து வருடமாகக் கொல்லையில் சேலைக்கு மாறித்தான் உள்ளே வருகிறேன். உங்கள் பெல்ட் விழுந்ததெல்லாம் அந்தச் சேலைக்காரியின் முதுகில்தான்.

இன்று மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இதைப் படித்து முடிப்பதற்குள் முன்வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டம்மா