முந்திரி கலரில் ஒரு ரூம்

மார்ச் 3, திங்கள்

உரமூட்டைகள் எல்லாம் புது ஷெட்டுக்குப் போய்விட்டன. மேற்கு ரூம் காலி. கூட்டிக் கழுவிவிட்டு நடுவில் நின்று பார்த்தேன். சின்ன ரூம்தான், ஒரே ஜன்னல். இதை நான் விடப் போவதில்லை.

கருநீலம் அடிக்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். காரணமும் சொன்னேன். தலைவலி வந்தால் வெளிச்சம் கண்ணுக்குள் ஆணி அடிக்கிறது, இருட்டில் படுத்தால்தான் அடங்குகிறது. பாலக்காட்டுச் சித்தூர் டாக்டரே இருட்டில் படுக்கச் சொன்னாரே! ஒற்றைத் தலைவலிக்குச் சென்னிக்குத்து என்று மலையாளத்தில் பேர்கூடச் சொன்னார். சிவப்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அடிச்சரலாம் புள்ள. அம்மாவ மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றார்.

அம்மாவைக் கேட்டு இதுவரை என் பக்கம் ஒன்றும் தீர்ந்ததில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கேட்டாயிற்று.

"நல்ல ஊட்டுல ஆராச்சும் கருப்பா அடிப்பாங்களா?" என்றார் அத்தை.

"கருப்பில்லீங்க அத்தை, நீலம்."

"லைட்ட அமத்துனா எல்லாங் கருப்புத்தான்."

லைட்டை அணைத்தால் வெள்ளைச் சுவரும் கருப்புத்தானே? இது எனக்கு இரவு சாப்பிட்ட பிறகுதான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான்.

பங்குனி நோம்பிக்கு அத்தையின் மகளும் மாப்பிள்ளையும் பொள்ளாச்சியிலிருந்து வருகிறார்கள். அந்த ரூம் மாப்பிள்ளைக்காம். மாப்பிள்ளை வெளிச்சத்தில்தான் தூங்குவாராம்.

மார்ச் 6, வியாழன்

பால் சங்கத்தில் கேன்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். அந்தப் பளபளப்பு கண்ணில் பட்டதும் ஆரம்பித்துவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, ஆசாரத்தில் முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்தேன். வீட்டுக்கு நடுவில் இருக்கிற ஆசாரம். டிவி அங்கேதான், வாசற்கதவும் அங்கேதான். அத்தை யாரிடமோ சொல்வது கேட்டது. "பால் கணக்கு எழுதறதுக்கே மகாராணிக்குத் தலவலி. நாங்கெல்லாம் கருதறுத்துட்டு வந்து சோறாக்குனோம்."

வலிக்குதுன்னா நம்ப மாட்டாங்களா? காச்சல்னா தொட்டுப் பாக்கலாம். இத எங்க தொட்டுக் காட்டறது?

மார்ச் 8, சனி

காலையில் அத்தையே பெயிண்டர் ஜிபினுக்கு ஃபோன் போட்டார். "முந்திரி கலரு அடிச்சுரு ஜிபினு. நல்ல முந்திரி கலரா இருக்கோணும், ஆமா."

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

நமக்கு முந்திரி என்றால் பருப்பு. ஜிபின் வடக்கஞ்சேரிக்காரன், அவன் மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதே நேரம் அத்தை ஃபோனில், "தலவலிக்காரி கேக்கற கலரெல்லாம் வேண்டாஞ் சாமி" என்று சொல்லிச் சிரித்தார்.

வாயை மூடிக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டேன். நன்றாகவே முறுகி வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 10, திங்கள்

ஜிபின் நல்ல பெயிண்டர். அவனுக்குத் தெரியாததா?

மார்ச் 12, புதன்

அத்தையும் அவரும் காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நான் சங்கத்துக்கு. மூன்று பேரும் சாயங்காலம் ஒன்றாகத்தான் வீடு சேர்ந்தோம். ஜிபின் கையைத் துடைத்துக்கொண்டே பெருமையாகக் கதவைத் திறந்தான்.

நாலு சுவரும் கன்னங்கரிய திராட்சை. ஊதாவா, சிவப்பா, கருப்பா என்று சொல்ல முடியாத நிறம். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. முகத்தை மட்டும் எப்படியோ சோகமாக வைத்துக்கொண்டேன்.

"ஏன்டா, முந்திரி எங்கடா கருப்பா இருக்குது?" என்றார் அத்தை.

"பின்னே? அம்ம பறஞ்சது பச்ச முந்திரியா?" ஜிபினுக்கு உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது.

அத்தை சமையலறைக்கு ஓடினார். டப்பாவோடு வந்து, ஒரு முந்திரிப் பருப்பை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"அய்யோ! இது அண்டிப்பரிப்பல்லே?"

என் வீட்டுக்காரர்தான் சமாதானம் செய்ய வந்தார். "விடும்மா. பாயாசத்துல ரெண்டையுந்தான போடறோம்."

அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டார். ஜிபினுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்து பருப்பு கலரே அடித்துத் தருகிறானாம்.

அதுவரைக்கும் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, பிராந்தி பாரு எப்பத் தொறக்கறீங்கொ? சுண்டலுண்டுங்களா?" என்றார். அத்தை அவருக்கு டீகூடக் கொடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம், பெயிண்ட் காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று அத்தை அந்த ரூமுக்குள் போனார். பால் கறக்கும் நேரமாகியும் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், வெறுந்தரையில் வாயைத் திறந்துகொண்டு நல்ல உறக்கம்.

"காஞ்சிருந்துச்சுங்களா அத்தை?"

"ம்."

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் காய்ந்துவிட்டதா பார்க்கப் போனார். இன்று தலையணையோடு.

மார்ச் 19, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுத்தான் ஜிபின் வருகிற நாள். சங்கத்திலிருந்து வரும்போதே பாதி வழியில் ஒரு கண் மங்கிவிட்டது. இது பெரிசு என்று தெரிந்தது. நேராகத் திராட்சைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுத்தேன். இன்றைக்கு மட்டுமாவது பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடக் கூடாதா என்று இருந்தது.

அத்தை கதவைத் திறந்தார். "ஜிபின் வந்துட்டான், எந்திரி" என்றார். எழுந்தேன். எழுந்ததும் வாந்தி வந்துவிட்டது. அத்தை மேலேயே. வாயை மூடிக்கொள்ள முந்தானையை எடுக்கக்கூட முடியவில்லை. அத்தை கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் நெற்றியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "அட ஆத்தா, இப்படியா துடிக்குது" என்றார். அவருடைய விரலுக்குக் கீழே நெற்றிப்பொட்டு அடித்துக்கொண்டதை அவரும் உணர்ந்திருப்பார்.

பிறகு துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியில் குரல் கேட்டது. "மெதுவாப் பேசுடா. ஏணிய அக்கட்டால கொண்டு போ. உள்ள ஆளு முடியாம கெடக்குது."

எழுந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெயிண்ட் வாசம் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். வாங்கி வந்ததை வீணாக்க முடியாதென்று ஆட்டுக்கொட்டகைக்கு அடித்திருக்கிறார்கள். நல்ல முந்திரிப்பருப்பு கலர். ஆடுகள் கல்யாண மண்டபத்தில் நிற்கிற மாதிரி நின்றன.

அத்தை ரசம் வைத்துக் கொடுத்தார். ரூமைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபோன் போட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லிவிடலாமா? ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மகளோடு அத்தை ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"மாப்பிள்ளைக்கு ஆசாரத்துல கட்டில் போட்டுக்கலாம் கண்ணு. அந்த ரூமு ஆகாது. மத்தியானத்துல நானு படுக்கோணும். அதுவுமில்லாம நம்ம பிரியாளுக்குத் தலவலி வரும். வந்துச்சுன்னா வெளிச்சத்தையே பாக்க முடியாது, பாவம்."

அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் என்னவோ சொல்லிச் சிரித்தது எனக்கே கேட்டது. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"நெசமாத்தான் புள்ள. இந்தக் கையில தொட்டுப் பாத்தேன்."